விட்டுப்போன டிகிரியை வேலை பார்த்துக்கொண்டே முடிப்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கம் டிகிரியைப் பாதியில் விட்டவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. கும்பகோணம் பாத்திரக் கடையில் பில் போடுகிறவர், நெல் கொள்முதல் நிலையத்தில் சீசனுக்குப் பட்டியல் எழுத்தராக வருகிறவர், திருபுவனத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர், கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கம் வந்து அங்கன்வாடியில் சேர்ந்தவர் என்று யாரைக் கேட்டாலும் "ரெண்டு வருஷம் படிச்சேன், அப்புறம் விட்டுப்போச்சு" என்றோ, "மூணு பேப்பர் நின்னுபோச்சு" என்றோ ஒரு கதை இருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும். ஒரு வருஷம் விளைச்சல் கைவிட்டிருக்கும். நல்ல வரன் வந்திருக்கும்.

திரும்பப் படிக்கலாம் என்று நினைக்கும்போது இவர்கள் முதலில் கேட்பது, "எந்த யுனிவர்சிட்டியில ஆன்லைன்ல சேரலாம்?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பழைய படிப்பில் என்ன பாக்கி இருக்கிறது என்பது முதல் கேள்வி. டிகிரி எதற்காக வேண்டும் என்பது இரண்டாவது. இந்த வரிசை மாறினால், ஒரே ஒரு பேப்பர் எழுதி வாங்கியிருக்க வேண்டிய பட்டத்துக்காக இன்னொரு மூன்று வருஷப் படிப்பில் பணம் கட்டி உட்கார வேண்டிவரும். அதனால் புதிதாகச் சேர்வதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மார்க் ஷீட்டுகளை எடுத்து விரியுங்கள்

பரணில், பீரோவில், அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் என்று எங்கே இருந்தாலும் கல்லூரி மார்க் ஷீட் அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். செமஸ்டர் வரிசையில் தரையில் பரப்பிவிட்டு, ஒரு நோட்டில் பாடக் குறியீடு, பாடத்தின் பெயர், எந்தப் பகுதி, பாஸா இல்லையா என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். 'ஆர்.ஏ.' என்று போட்டிருந்தால் மறுபடி எழுத வேண்டிய பாடம். ஒரே பாடம் இரண்டு மூன்று ஷீட்டில் வந்திருக்கலாம். ஏதாவது ஒன்றில் பாஸ் ஆகியிருந்தால் அது முடிந்தது, அடித்துவிடுங்கள்.

இப்போது பகுதிகளைப் பாருங்கள். நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜரும் அதோடு வரும் துணைப்பாடமான அலைடும். இவற்றை யாரும் மறப்பதில்லை. நான்காவது, ஐந்தாவது பகுதிகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றுச்சூழல் கல்வி, விழுமக் கல்வி, வேறு துறையிலிருந்து எடுத்த விருப்பப் பாடம், என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி எல்லாம் அங்கேதான் வரும். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று கணக்கிடும்போது இவற்றைப் பார்க்க மாட்டார்கள் என்று படிக்கிற காலத்தில் அலட்சியமாக விட்டிருப்பார்கள். ஆனால் அதில் ஒன்று பாக்கி இருந்தாலும் பட்டம் வராது.

பி.காம். படித்த ஒரு அக்கா மஞ்சப்பையில் தன் ஷீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "அஞ்சு அரியராவது இருக்கும் தம்பி, அதான் தலைமுழுகிட்டேன்" என்றார். ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்தோம். மேஜர் பாடங்கள் எல்லாமே அடுத்தடுத்து எழுதியதில் பாஸ் ஆகியிருந்தன. கடைசியாக எழுதிய தேர்வுக்குக் கல்லூரியில் போய் மார்க் ஷீட் வாங்கவே இல்லை, அதற்குள் கல்யாணம். அந்த ஷீட்டும் வந்த பிறகு பார்த்தால், நின்றது விழுமக் கல்வி ஒன்றுதான். இத்தனை வருஷமாக "நான் டிகிரி முடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தது இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றுக்காக.

ஷீட் ஏதாவது காணவில்லை என்றால் பதிவு எண்ணைத் தேடுங்கள். பழைய ஹால் டிக்கெட், ஐ.டி. கார்டு, பஸ் பாஸ் விண்ணப்பம் எதிலாவது இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் எடுத்துவிடலாம்.

கல்லூரி அலுவலகத்தில் என்ன கேட்பது

முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பூண்டி புஷ்பம், மன்னம்பந்தல் ஏ.வி.சி., கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் அந்த அந்தஸ்து இருந்த காலத்தில் படித்தவர்களுக்குத் தேர்வு நடத்தியது கல்லூரியே. அங்கே உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். மற்ற இணைவுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு நடத்தியது பல்கலைக்கழகம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தவர்களுக்குப் பெரும்பாலும் அது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். மார்க் ஷீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். "சார், டிகிரி முடிக்கணும், என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் "டைம் முடிஞ்சிடுச்சும்மா, புதுசா சேந்துக்கங்க" என்ற பதில்தான் வரும். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு தாளில் பெயர், பதிவு எண், படிப்பு, சேர்ந்த வருஷம், பாக்கி உள்ள பாடங்களின் குறியீடு எல்லாம் எழுதி, கீழே இந்தக் கேள்விகளை வரிசையாக வைத்துக் கொடுங்கள்: எனக்குப் பாக்கி உள்ள பாடங்கள் இவை மட்டும்தானா? அவற்றை இப்போது எழுத அனுமதி உண்டா? இல்லையென்றால் சிறப்பு வாய்ப்பு அறிவிப்பு எப்போது வரும்? பாடத்திட்டம் மாறியிருந்தால் இதற்கு ஈடான பாடம் எது? கொடுத்ததற்கு ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கால வரம்பு உண்மைதான். படிப்புக் காலத்துக்கு மேல் இத்தனை வருஷம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு என்றால் கூடுதலாக இரண்டு ஆண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., சொல்லும் பொது வழிகாட்டுதல். ஆனால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது பழைய அரியர்காரர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு கொடுத்து வந்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் கொடுத்தபோது, இருபது வருஷத்துக்கு முந்தைய மாணவர்கள்கூட எழுத முடிந்தது. இப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவாகத்தான் இருக்கும். பேப்பரில் வரும் என்று காத்திருக்காமல், பல்கலைக்கழக இணையதளத்தின் தேர்வுப் பக்கத்தை மாதம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. படிப்பை விட்டபோது டி.சி. வாங்கினீர்களா? பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட் கல்லூரியிலேயே கிடக்கிறதா? ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கொடுக்காமல் வைத்திருந்தால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. தன்மையாக, எழுத்தில் கேளுங்கள்.

டிகிரி எதற்கு வேண்டும்?

இதற்குப் பதில் தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. கடையில் சம்பளம் கூட்டிக் கேட்பதற்கோ, தனியார் வங்கி, நிதி நிறுவன வேலைக்கோ என்றால் எந்தப் பாடமானாலும் அங்கீகாரம் உள்ள ஒரு பட்டம் போதும். அரசு வேலை, பதவி உயர்வு என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பத்தாவது, பன்னிரண்டாவது, அதற்கப்புறம் டிகிரி என்ற வரிசை. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 18.8.2009 தேதியிட்ட 107-ஆம் எண் அரசாணை சொல்கிறது. பத்தாவதோடு நின்றவர்கள் முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக முடித்துவிட்டு வரட்டும். இதைச் சொல்லாமல் சேர்த்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷம் படித்து முடித்து, டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் இது தெரியவந்தால் அந்த வேதனைக்கு மருந்து கிடையாது.

இரண்டாவது, பாடத்தின் பெயர். சில பதவிகளுக்குக் குறிப்பிட்ட பாடத்தில்தான் பட்டம் கேட்பார்கள். நீங்கள் சேரும் படிப்பின் பெயர் கொஞ்சம் வேறாக இருந்தால், இது அதற்குச் சமம் என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்துவிட்டு வந்து பதிவேட்டில் ஏற்றச் சொன்னால் கேள்வி வரும்.

தொலைநிலையா, ஆன்லைனா?

பழைய படிப்பில் வழியே இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பேச்சு.

தொலைநிலைப் படிப்பு என்றால் பாடப்புத்தகம் கொடுப்பார்கள். சனி, ஞாயிறுகளில் தொடர்பு வகுப்பு இருக்கும். அசைன்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்வு மையத்தில் போய் எழுத வேண்டும். ஆன்லைன் படிப்பு என்றால் வீடியோ, நேரலை வகுப்பு, அசைன்மென்ட் எல்லாம் செல்போன் அல்லது கம்ப்யூட்டரில். தேர்வைக் கண்காணிப்போடு நடத்துவார்கள். அதற்குக் கேமராவும் நிலையான இணைப்பும் வேண்டும். யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இந்த இரண்டு முறையில் எதில் வாங்கினாலும் பட்டம் நேரடியாகக் கல்லூரி போய் வாங்கியதற்குச் சமம்தான். "கரெஸ்ல படிச்சது" என்று யாராவது இழுத்தால் தயங்க வேண்டாம்.

ஊரில் இருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு நான் தொலைநிலையைத்தான் சொல்வேன். கையில் புத்தகம் இருக்கிறது, மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் படிக்கலாம், கூடப் படிப்பவர்களை வகுப்பில் பார்க்கலாம். அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கமிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்கு ஆன்லைன்தான் சரி. லீவு போட்டுத் தேர்வு எழுத ஊருக்கு வர முடியாது. ஆனால் அவர்கள், வெளிநாட்டிலிருந்து தேர்வு எழுதலாமா என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

எல்லாப் படிப்பும் இந்த வழியில் கிடையாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், கட்டடக்கலை, சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்க முடியாது. 2025 ஜூலை பருவத்திலிருந்து உளவியல், ஊட்டச்சத்து போன்ற சுகாதாரம் சார்ந்த படிப்புகளும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டன. பி.இ. நின்றுபோனவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பில் அரியர் எழுதுவது ஒரு வழி, பி.சி.ஏ., பி.காம்., பி.ஏ. என்று வேறு படிப்பில் சேர்வது இன்னொரு வழி. ஆன்லைனில் பி.இ. தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே உட்காரவே வேண்டாம்.

எங்கே சேர்வது, எப்படிச் சரிபார்ப்பது

நமக்குப் பக்கத்தில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மற்றும் ஆன்லைன் கல்வி மையம் திருச்சியில் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லிருந்து தொலைநிலைக் கல்வி நடத்திவருகிறது. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் படிப்புகள் உண்டு. தமிழ் இலக்கியம் போன்ற பாடம் வேண்டுமென்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985-லிருந்து இருக்கிறது. ஜனவரி, ஜூலை என வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை. மூன்று வருஷப் படிப்பை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் தருகிறது. ஆனால் அங்கே ஆங்கிலமோ இந்தியோ தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை பெரிய பெயர்களாக இருந்தாலும் பெயரை நம்பிச் சேராதீர்கள். தொலைநிலைக்கான அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்று தனித்தனியாகப் பட்டியல் உண்டு. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி வாரியம், சுருக்கமாக 'டெப்', தன் இணையதளத்தில் அதை வெளியிடுகிறது. அதில் உங்கள் படிப்பின் பெயரும் சேரப்போகும் பருவமும் இருந்தால் மட்டும் அடுத்த அடி வையுங்கள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு அதிகாரி "அந்த வருஷம் அனுமதி இருந்ததா?" என்று கேட்கும்போது அந்தத் தாள் பேசும்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் மாநில எல்லைக்குள்தான் நடத்தலாம். ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை இல்லை. அதனால் எங்கோ வடக்கே உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டு மாடியில் 'ஸ்டடி சென்டர்' போர்டு தொங்கினால் விலகிப் போய்விடுங்கள். தனியாருக்கு ஃபிரான்சைஸ் கொடுத்துச் சேர்க்கை நடத்துவதை யு.ஜி.சி. அனுமதிக்கவில்லை. "ஒரே வருஷத்துல டிகிரி", "பரீட்சைக்கு ஆள் வெச்சு எழுதிடலாம்" என்ற பேச்சு காதில் விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

படித்த இரண்டு வருஷம் வீணா என்று கேட்பவர்களுக்கு: பாஸ் ஆன பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் 'ஏ.பி.சி.' என்ற கிரெடிட் வங்கி வந்திருக்கிறது. அதில் சேர்ந்த கிரெடிட்டை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போகலாம், அதிகபட்சம் ஏழு ஆண்டுக்குள். ஆனால் 2021-22 கல்வியாண்டிலிருந்து படித்தவற்றுக்குத்தான் இது பொருந்தும். அதற்கு முன் விட்டவர்கள், நேரடியாக இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். பழைய மார்க் ஷீட், பழைய பாடத்திட்ட நகல் இரண்டையும் வைத்துக் கேளுங்கள். பாடத்திட்டம் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

இனிஷியல் சிக்கல்

சேர்க்கைக்கு முன் ஏ.பி.சி. ஐ.டி.யும், அதை வைத்து டெப் ஐ.டி.யும் உருவாக்க வேண்டும். 2024-25 முதல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சேர இது கட்டாயம். ஏ.பி.சி. ஐ.டி. பன்னிரண்டு இலக்க எண். டிஜிலாக்கரில் ஆதாரை வைத்து எடுக்கலாம். செல்போன் எண் ஆதாரோடு இணைந்திருந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையம்.

நம் ஊரில் ஆட்களை நிறுத்திவைப்பது பெயர்தான். பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியலோடு ஒரு பெயர். ஆதாரில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வந்திருக்கும். கல்யாணமான பெண்களுக்கு ஆதாரில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், ரேஷன் கார்டில் வேறு. பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது ஒன்று, ஆதாரில் ஒன்று. சேர்ந்த பிறகு இதைச் சரிசெய்ய நினைத்தால் ஹால் டிக்கெட்டிலிருந்து பட்டம் வரை ஒவ்வொரு இடத்திலும் மல்லுக்கட்ட வேண்டும்.

படிப்பு விஷயத்தில் பத்தாவது மார்க் ஷீட்டையே அடிப்படையாக வையுங்கள். அதில் உள்ள எழுத்து, இனிஷியல், தேதி எப்படியோ அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்வதுதான் சுலபம். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்தலாம், பெயரை இரண்டு முறை. அதனால் மையத்தில் டைப் செய்ததும் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டே சரி சொல்லுங்கள். சேர்க்கை முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பத்தாவது மார்க் ஷீட்டிலேயே பெயர் தப்பாக இருந்தால் அது வேறு பாதை: படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும்.

மார்க் ஷீட்டே தொலைந்துபோனவர்கள், காவல் துறையில் புகார் கொடுத்து, கண்டறிய முடியவில்லை என்ற சான்று வாங்கி, படித்த பள்ளி வழியாக நகல் கேட்கலாம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஓட்டோடு பெட்டியும் போன வீடுகள் எத்தனையோ. இப்போது கையில் இருப்பவற்றை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். ஒரிஜினலை லேமினேட் செய்யாமல், தண்ணீர் புகாத உறையில் வைத்தால் போதும்.

பணம்

சேர்க்கைக் கட்டணம் மட்டும்தான் விளம்பரத்தில் இருக்கும். வருஷக் கட்டணம், ஒவ்வொரு பேப்பருக்கும் தேர்வுக் கட்டணம், மார்க் ஷீட், டி.சி., மைக்ரேஷன், கடைசியில் பட்டமளிப்புக் கட்டணம் என்று மொத்தத்தையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பணத்தைப் பல்கலைக்கழக இணையதளம் வழியாக அதன் கணக்குக்கே கட்டுங்கள். இடையில் ஒருவர் தன் ஜி.பே.க்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். தனியார் ஆன்லைன் படிப்புகளில் 'வட்டியில்லாத் தவணை' என்று கையெழுத்து வாங்குவார்கள். அது பல நேரம் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

வருஷத்தை நம் ஊர் கணக்கில் பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் காலண்டரும் டெல்டாவின் காலண்டரும் ஒன்றோடொன்று இடிக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு திட்டம் போடுகிறவர்கள்தான் முடிக்கிறார்கள் என்பது நான் பார்த்தவரை உண்மை.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்கு நாற்று, நடவு என்று வீடே வயலில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை. கொள்முதல் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதம் தூக்கமே கிடையாது. தேர்வுகளோ பொதுவாக நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் வரும். ஆக, மழைக்காலத் தேர்வுக்கு ஆவணி, புரட்டாசியிலேயே படித்து முடித்திருக்க வேண்டும். அறுவடைக்கும் குறுவைக்கும் நடுவில் உள்ள பங்குனி, சித்திரைதான் வயல் சார்ந்தவர்களுக்கு நிம்மதியாகப் படிக்கக் கிடைக்கும் காலம். கும்பகோணம் கடைத்தெருவில் இருப்பவர்களுக்கு முகூர்த்த மாதங்கள் ஆகாது. நெசவாளர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஆகாது.

இதை வைத்து முடிவெடுங்கள். ஒரு பருவத்தில் எல்லாப் பேப்பரும் எழுத முடியாது என்று தெரிந்தால், இரண்டை அடுத்த தேர்வுக்கு விட்டுவிடுவதில் தப்பில்லை. ஒன்றுமே எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. ஒரு தேர்வுக்குப் போகாமல் இருந்துவிட்டால் அடுத்ததற்குப் போவது இரண்டு மடங்கு கஷ்டம்.

மழைக்காலத் தேர்வில் இன்னொரு எச்சரிக்கை. கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று டி.வி.யில் பார்த்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டதா என்பது தனி அறிவிப்பு. நாகப்பட்டினத்தில் லீவாக இருக்கும், உங்கள் தேர்வு மையம் இருக்கும் திருச்சியில் வெயில் அடிக்கும். முதல் நாள் இரவே இணையதளத்தைப் பாருங்கள். முடிந்தால் தேர்வு மையம் இருக்கும் ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

படிப்பதும் எழுதுவதும்

வேலை முடித்து வந்து ராத்திரி பத்து மணிக்குப் படிக்கிறேன் என்பவர்களால் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிப்பதுதான் ஓடுகிறது. பாடத்திட்டத்தில் ஒரு பேப்பருக்கு ஐந்து யூனிட் இருக்கும். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காமல், பழைய வினாத்தாள் நான்கைந்தை எடுத்து, எந்த யூனிட்டில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நம் பக்கம் அடிக்கடி பார்க்கும் 75 மதிப்பெண் வினாத்தாள் இப்படி இருக்கும்: இரண்டு மதிப்பெண்ணில் பத்துக் கேள்வி, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து, ஒவ்வொன்றும் 'இது அல்லது அது', பத்து மதிப்பெண்ணில் ஐந்தில் மூன்று. யூனிட்டுக்கு ஒரு பெரிய கேள்வி வருவதால், மூன்று யூனிட்டை ஆழமாகப் படித்தால் கடைசிப் பகுதியின் 30 மதிப்பெண்ணும் கையில். மிச்ச இரண்டு யூனிட்டை ஐந்து மதிப்பெண் கேள்வி அளவுக்கு மேலோட்டமாகப் பார்த்தால் போதும். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் ஓடும் முறை. உங்கள் பல்கலைக்கழகத்தின் அமைப்பு வேறாக இருந்தால் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அசைன்மென்ட்டைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பெரும்பாலான தொலைநிலைப் படிப்புகளில் நூற்றுக்கு 30 வரை அதிலிருந்துதான் வருகிறது. சொந்தக் கையெழுத்தில் எழுதினால் அதுவே தேர்வுக்குப் பயிற்சி. பேனா பிடித்துப் பத்து வருஷம் ஆனவர்களுக்குத் தேர்வில் முதலில் கை வலிக்கும்; இரண்டாவது மணி நேரத்தில் விரல் மடங்காது. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழுத்தாள் எழுதிப் பாருங்கள்.

புத்தகம் புரியவில்லையென்றால், இக்னோவின் 'இ-ஞானகோஷ்' தளத்தில் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே சேர்ந்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் வகுப்புகளும் இலவசம். வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், மழை நாளில் டவர் போனாலும் படிப்பு நிற்காது.

வீட்டில் சொல்லிவிட்டுப் படியுங்கள். ஃபெயில் ஆனால் கேலி பேசுவார்களோ என்று ஒளித்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அதிலும் பெண்கள் அதிகம். தேர்வு நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, காலையில் சமையலை ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். மாமியாரோ நாத்தனாரோ, யாராவது ஒருவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பாஸ் ஆன பிறகு

ரிசல்ட் வந்ததோடு வேலை முடியவில்லை. எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், தற்காலிகப் பட்டச் சான்றிதழும் வாங்குங்கள். பட்டமளிப்பு விழாவுக்கான விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும்; நேரில் போக முடியாவிட்டால் தபாலில் வாங்கும் வழி இருக்கும். அரசு ஊழியர்கள் சான்றிதழைக் கொடுத்து, உண்மைத்தன்மைச் சான்று வந்ததும் பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் பட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவு ஏற்கெனவே இருந்தால், அதிலும் கல்வித்தகுதியை மாற்றுங்கள். அங்கே தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு, சான்றிதழ் எண் எல்லாவற்றையும் கையில் உள்ள சான்றிதழைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.